மண்டபம் வரைக்கும்தான் வண்டி

"உனக்கு என்ன வேணும்னு வாயத் தொறந்து கேளு வள்ளி. கேட்டா வாங்கித் தந்துருவேன்."

"கேட்டாத்தான் தருவீகளோ?"

"கேக்காம எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பச் சரி. தோணும்போது கேக்குறேன்."

கல்யாணமாகிப் பத்தாவது நாள். நயினார்கோவிலில் மறுவீடு முடிந்து, பரமக்குடியில் ரயிலேறி ராமேஸ்வரம் வந்துகொண்டிருந்தோம். பாம்பன் பாலத்தில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். சண்முகவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடியே எனக்குப் பதில் சொன்னாள். முகத்தைத் திருப்பவில்லை.

மேடம், நடந்ததை வாக்குமூலமாக நானே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னபோது, இந்தப் பேச்சிலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று பட்டது. முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. புடவை, நகை, சினிமா, ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் உக்கிரபாண்டி. பேருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று என்னோடு வேலை பார்த்த எல்லோரும் சொல்வார்கள். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் இருபத்தெட்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். இப்போதும் மோட்டார் பழுதென்றால் கூப்பிடுவார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. வள்ளிக்கு ஒரே தங்கை மாலதி, மதுரையில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை வள்ளி காலை வண்டியில் அங்கே போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள். "அக்கா இங்கன வந்தா என்னமாச் சிரிக்குது தெரியுமா அத்தான்" என்று மாலதி ஒருமுறை என்னிடம் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

வேலையிலிருந்து நின்றதும் பின்கட்டு அறையில் ரயில் அமைக்கத் தொடங்கினேன். துபாயிலிருந்து என் சிநேகிதன் ஹமீது சுல்தான் ஓர் இன்ஜினும் ஆறு பெட்டியும் தண்டவாளமும் கொண்டுவந்து கொடுத்தான். பன்னிரண்டடிக்கு ஆறடி ப்ளைவுட். ஒரு முனையில் மண்டபம், மறுமுனையில் ராமேஸ்வரம், நடுவில் கடலும் பாலமும். கடலுக்கு நீலப் பெயின்ட் அடித்து அதன்மேல் கண்ணாடி போட்டேன். மணல் மட்டும் நிஜம், தனுஷ்கோடிப் பக்கம் அள்ளியது. பழைய பாலத்தின் தூக்குப் பகுதி இரண்டு கைகளை உயர்த்தினாற்போலத் திறக்குமே, அதைத் தகரத்தில் வெட்டிச் செய்ய மட்டும் எட்டு மாதம் ஆனது.

ஒயரிங்கில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பின்னால் வரும். பாலத்தின் மேல் உள்ள தண்டவாளத்தை இரண்டு முனையிலும் மெல்லிய இடைவெளி விட்டு அறுத்து, அந்தத் துண்டுக்கு மட்டும் தனி சுவிட்ச் கொடுத்திருந்தேன். அதை அணைத்தால் மற்ற இடமெல்லாம் கரண்ட் இருக்கும், பாலத்தில் இருக்காது. மண்டபத்திலிருந்து வரும் வண்டி பாலத்தின் வாயில் தானாக நின்றுவிடும். 2022 டிசம்பரில் நிஜப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள் அல்லவா, அன்றே நானும் அந்த சுவிட்சை அணைத்தேன். ஊரில் இல்லாதது என் பலகையிலும் இருக்கக் கூடாது என்பது ஒரு ஒழுங்கு. "நிஜப் பாலம் தொறக்கிற அன்னைக்கு இதையும் போட்டு விடுறேன்" என்று வள்ளியிடம் சொன்னேன். அவள் அப்போது அறைக்குள்கூட வரவில்லை. வாசற்படியில் நின்று, "மண்டபம் வரைக்கும்தான் வண்டியாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவள் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்திருந்தது. பஸ் குலுக்கலைத் தாங்க முடியவில்லை. ஒருமுறை முயன்று, உச்சிப்புளியில் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். அதனால் மதுரைப் பயணம் நின்றது. கார் வைத்திருக்கலாமே, மண்டபம்வரை ஆட்டோவில் படுக்க வைத்துக் கூட்டிப்போய் அங்கே ரயிலேற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2024 பங்குனியில் அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. சர்க்கரை. இராமநாதபுரத்து டாக்டர் ஒருவர் நம் ஊருக்கு முகாம் வந்தபோது பார்த்துவிட்டு, "மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசியும் லேசரும் குடுத்தாக் காப்பாத்திரலாம். வருஷக்கணக்கா விட்றாதீங்க" என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். வள்ளியிடம் நான், "மதுரையில பாக்கணுமாம். அவசரம் ஒன்னுமில்ல, ரயில் விடட்டும்" என்றேன். அப்போது அது முழுப் பொய் இல்லை. பாலம் அந்த வருஷமே திறக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வள்ளி தட்டில் குழம்பைத் தேடித் தடவினாள். நான் அவள் கையைப் பிடித்துக் கிண்ணத்தின்மேல் வைத்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மேடம், உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். அது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குப் புரியும்.

அதன்பிறகு அவள் பின்கட்டு அறைக்கு வரத் தொடங்கினாள். தனியே உட்கார்ந்திருக்கப் பயம். என் பெஞ்சில், என் பக்கத்தில். இந்த ஊர் உப்புக்காற்றில் தண்டவாளம் ஒரே நாளில் மங்கிவிடும், கரண்ட் ஏறாது. தினமும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தேன். கண்ணால் நான் கண்டுபிடிக்காத விரிசலை அவள் விரல் கண்டுபிடித்துவிடும். "இங்கன ஒரு ஜாயிண்ட் ஒதறுது பாருங்க" என்பாள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தொட்டுத் தொட்டுச் சொல்லிக் கொடுத்தேன். "ஒரு துளி கரண்டு இல்லேன்னா இதுல எதுவும் ஓடாது வள்ளி, ஹாரன்கூட அடிக்காது" என்று சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்ததும் பாலத்து சுவிட்சை விரலால் தடவிப் பார்ப்பாள். கீழே இருந்தால் பாலம் இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அந்த இருபது மாதம்தான் நாங்கள் குடும்பம் நடத்தியது என்று சொல்வேன்.

ஒருநாள் அவள் போனில் மாலதியிடம் பேசியது காதில் விழுந்தது. "கண்ணு சரியானதும் ஒன் வீட்டோட இருந்துக்கிறேன்டி. இனிமே அங்கன போக மாட்டேன்." அங்கன என்றது, அவள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த எங்கள் வீட்டை.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். ஊரே கூடியது. வெடிச்சத்தம் கேட்டு, "என்ன இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டாள். "கோயில்ல விசேஷம்" என்றேன். டிவியைப் பழுது என்று முந்தின வாரமே கழற்றி வைத்திருந்தேன். மாலதியின் நம்பரை அவள் போனில் தடுத்து வைத்தேன். இரண்டு பட்டன் வேலைதான். மாலதிக்கு, 'அக்காவுக்கு இங்கேயே வைத்தியம் நடக்கிறது, பேச விருப்பமில்லை என்கிறாள்' என்று என் போனிலிருந்து அனுப்பினேன். மாலதியின் மாமியார் படுத்த படுக்கை. உடனே கிளம்பி வர முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஹாரன்தான் சிரமம் கொடுத்தது. ஸ்டேஷன் எங்கள் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டர், காற்றடித்தால் பக்கத்தில் கேட்கும். மண்டபத்துக்குப் போய் ரயில் ஹாரனைப் போனில் பதிவு செய்து வந்தேன். ப்ளைவுட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பொருத்தினேன். நிஜ வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்து, அது ஹாரன் அடிக்கிற நேரத்துக்கு நான் சுவிட்சைத் தட்டுவேன். வண்டி தாமதமானால் நானும் தாமதமாகத் தட்டுவேன். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. நான் வீட்டில் இல்லாதபோது டைமரில் தானாக அடிக்கும் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். "நல்லாருக்கே, நிஜ வண்டி மாதிரியே" என்று வள்ளி சொன்னாள். சந்தோஷமாக இருந்தது.

கரண்ட் ஆபீஸில் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவார்கள். அன்று பேட்டரி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். நான் வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போவேன். தடுக்கி விழுந்துவிடக் கூடாதே. ஜன்னலையும் சாத்தி, கொக்கியைக் கம்பியால் முறுக்கி வைப்பேன். அடுத்த வீட்டுக் குல்சும் ஒருநாள் மதில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "என்னண்ணே, வள்ளியக்காவைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குறீக? அக்காவையும் அந்தப் பொம்மை ரயில்ல ஏத்தி ஓட்டிக்கிட்டு இருக்கீகளா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "கண்ணுல தொத்து இருக்கும்மா, ஒட்டிக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுச் சாத்திய ஜன்னலைப் பார்த்தாள்.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். சர்க்கரை மாத்திரை இரண்டு வேளை. நான் கொடுத்தது கால்சியம் மாத்திரை. வெள்ளை மாத்திரை எல்லாம் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எப்போதிலிருந்து என்றால், மாலதியோடு போனில் பேசியது என் காதில் விழுந்த மறுநாளிலிருந்து. அதற்கு முன்பிருந்தே காபியில் சீனி போட்டுத்தான் கொடுத்துவந்தேன். அவளுக்கு இனிப்புக் காபி பிடிக்கும். பல வருஷம் ஆசையை அடக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போட்டீகளா?" என்றாள். "சீனி இல்ல, டாக்டர் சொன்ன பொடி, ஒடம்புக்கு ஒன்னும் செய்யாது" என்றேன். முழுவதையும் குடித்தாள். அவளைச் சந்தோஷப்படுத்துவது இவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று.

வலது கண்ணில் இனி ஒன்றும் செய்ய முடியாது, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று மதுரையிலிருந்து தகவல் வந்ததாக நேற்றுச் சொன்னீர்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி நாளைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று பராமரிப்பு நாள். ஃபேன் இல்லை, அறை வெந்தது. வள்ளியின் கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்து நான்தான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். ரேடியோவில் ஏதோ பாட்டு. அவள் தண்டவாளத்தைத் துடைத்து முடித்து, பாலத்து சுவிட்சைத் தடவினாள். கீழேதான் இருந்தது. பிறகு, பெஞ்சின் ஓரமாகக் கையை நகர்த்தி, ரேடியோவைத் தேடிப் பிடித்து நிறுத்தினாள்.

"பாட்டு நல்லாத்தான இருந்துச்சு" என்றேன்.

"செத்த நேரம் சும்மா இருங்க."

இருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் குல்சும் துணி அலசுகிற சத்தம் கேட்டது. போனை எடுத்துப் பார்த்தேன். மத்தியான மதுரை வண்டி கிளம்ப இரண்டு நிமிஷம் இருந்தது. மறுபடி ரேடியோவைப் போடக் கை நீட்டினேன். அவள் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹாரன் அடித்தது. நீளமாக, இரண்டு தடவை.

"அது எங்க கெளம்புற வண்டி?" என்றாள்.

"நம்ம வண்டிதான். மண்டபத்துல..."

"கரண்டு இல்லீங்க."

நான் பேட்டரி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"ஆடி மாசம் ஒருநா, நாளைக்குத்தான் கரண்டு இருக்காதுன்னு சொல்லிட்டு லாட்ஜுக்கு மோட்டார் பாக்கப் போனீக. அன்னைக்கே நிப்பாட்டிட்டான். நான் ஒத்தையில இங்கனதான் உக்காந்திருந்தேன். மூனு வண்டி வந்துச்சு, மூனு வண்டி போச்சு. எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே வள்ளி."

"உங்ககிட்டயா?"

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. ஆடியிலிருந்து கார்த்திகைவரை என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டவாளம் துடைத்து, சுவிட்சைத் தடவி, என் தோளைப் பிடித்து எழுந்திருக்கிறாள். அத்தனை நாளும் தெரிந்தே. ஜன்னல் திறக்கிற ஒரு நாளுக்காக இருந்தாளோ என்று நீங்கள் கேட்டீர்கள். இருக்காது. என்மேல் கொஞ்சமாவது பிரியம் இல்லாமல் ஒருத்தி அப்படி உட்கார்ந்திருக்க முடியாது.

அவள் எழுந்தாள். என் தோளைப் பிடிக்கவில்லை. ப்ளைவுட் விளிம்பைத் தடவிக்கொண்டே, மண்டபம், பாலம், ராமேஸ்வரம் என்று சுற்றிவந்து, வெளிச்சம் வரும் பக்கமாக நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உதடு அப்படி இருந்தது. முப்பத்தோரு வருஷம் காத்திருந்த மனுஷன் நான். எதுவானாலும் செய்துவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு, "கேளு வள்ளி" என்றேன்.

பாலத்தில் ரயில் ஜன்னலோரம் அன்றைக்கு உட்கார்ந்திருந்தாளே, அதேபோல, என் பக்கம் முகத்தைத் திருப்பாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"குல்சும்... ஏத்தா குல்சும்... என்னைய இந்த மனுசங்கிட்ட இருந்து கூட்டிட்டுப் போயிரு."