பின்சீட்டில் ஒரு சர்வீஸ்காரர்

— ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? தலையில மாட்டிக்கிட்டு ஏறுங்க.

— மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. இப்பதான் நம்ம ஷோரூம் வாசல்லயே ரெண்டு சுத்து ஓட்டிப் பாத்தேன். புடிச்சா டக்குன்னு நிக்குது. இதுக்கு மேல ரோட்டுல போயி என்னத்தைப் பாக்கப் போறோம்?

— ஷோரூம் வாசல்ல நிக்கும் சார். ரெண்டு பேரா ஏறிப் போயி, நாலு எடத்துல பிரேக் புடிச்சு, அது சூடாகணும். அப்பதான் அதோட கொணத்தைக் காட்டும். ஒவ்வொரு தடவை வர்றப்பயும் இதைத்தானே சொல்றேன்.

— எனக்கு இங்க மலையாட்டம் வேலை குவிஞ்சு கெடக்கு.

— 'நானே பாத்தாதான் ரிப்போர்ட்டை மாத்தி எழுதுவேன்'னு சொன்னது நீங்கதான் மாறன் சார். அதான் பாக்கக் கூப்புடுறேன்.

— நீங்களா ஓட்டப் போறீங்க? கியர் வண்டியையா?

— எங்கப்பா வயல்ல டிராக்டர் ஓட்டுனவ சார் நான். எங்க வீட்டுக்காரங்க கால்ல கட்டோட படுத்துட்டாங்க, வண்டியை நான் எடுத்துட்டேன். ஏறுங்க. பின்னாடி கம்பியைப் புடிச்சுக்கங்க.

— மெதுவா எடுங்க. ஷோரூம் பசங்க அத்தனை பேரும் வாசல்ல நின்னு சிரிக்கிறானுங்க.

— சிரிக்கட்டும். அவனுங்க சிரிச்சா நமக்கு என்ன கொறையுது?

— கோட்டுச்சேரி வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவோம். சரியா?

— மண்டபத்தூர் வரைக்கும் போவோம் சார். கோட்டுச்சேரி போறதுக்குள்ள பிரேக்கு லேசாத்தான் இளகும்.

— அதாவது பாருங்க மேடம். பேசிக்கா உங்களுக்கு இந்த மாடலைப் பத்தித் தெரியல. இது இணைச்ச பிரேக். கால்ல மிதிச்சா முன்சக்கரத்தையும் சேத்துப் புடிக்கும். ஒண்ணு கைவிட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும்.

— ரெண்டும் சேந்துல்ல சார் கைவிடுது.

— அப்படியெல்லாம் ஆகாது. எங்க, இப்ப புடிங்க பாப்போம்.

— புடிச்சுட்டேன்.

— நின்னுச்சா?

— நின்னுச்சு.

— அவ்வளவுதான். போங்க. அந்தப் பஸ்ஸு பின்னாடியே போங்க. ம், இப்ப மறுபடியும் புடிங்க. பாத்தீங்களா? வெண்ணெயாட்டம் வந்து நிக்குது. இதைப் போயி பிரேக் இல்லைன்னு எழுதச் சொன்னா எப்படி?

— இன்னும் நாலு தடவை புடிக்கச் சொல்லுங்க சார். எத்தனை தடவை சொல்றீங்களோ அத்தனைக்கு அத்தனை நல்லது.

— சொல்றேன், சொல்றேன். உங்க வீட்டுக்காரரு பேரு என்னன்னீங்க?

— நீலகண்டன்.

— அவரு என்ன வேகத்துல வந்தாராம் அன்னிக்கு?

— அவங்க பள்ளிக்கூட வேன் ஓட்டுனவங்க சார். முப்பது புள்ளைங்களை ஏத்திக்கிட்டு தெனம் போயி வந்தவங்க. ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனது கெடையாது. அவங்களைப் போயி வேகம்ங்குறீங்க.

— கோவப்படாதீங்க. கேக்குறது என் வேலை. செக்போஸ்ட் தடுப்புல போயி விழுந்தாருன்னாங்க. அங்க தடுப்பு இருக்குன்னு அவருக்குத் தெரியாதா?

— தெரியாம என்ன? தெனம் பாக்குற தடுப்புதானே. நீங்க காரைக்கால்காரர்தானே சார், நீங்களே சொல்லுங்க. எல்லையில ஒருத்தன் வண்டியோட தடுப்புல விழுந்து கெடந்தா ஊரு என்ன சொல்லும்?

— தண்ணின்னு சொல்லும்.

— சொல்லுச்சு. எங்கெங்கேயிருந்தோ வந்து குடிச்சுட்டுப் போறவன் விழுறான், அந்தப் பேரெல்லாம் சேத்து எங்க வீட்டு ஆளு தலையில வச்சாங்க. கூட்டத்துல எவனோ ஒருத்தன் 'சரியான போதை'ன்னான். அதைப் பள்ளிக்கூடத்துல போயி யாரோ சொல்ல, வேன் சாவியை வாங்கிட்டாங்க. பீடி நாத்தம் வந்தாலே எட்டி நிக்கிற மனுசன் சார்.

— புரியுது மேடம். அந்த ஆட்டோவை விட்டுட்டுப் போங்க. புடிங்க, புடிங்க. ம், நல்லா நிக்குது.

— பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிட்டாங்க தெரியுமா? 'பிரேக்குதான் காரணம்னு வண்டிக்காரங்க எழுதிக் குடுக்கட்டும், நாளைக்கே வேலைக்கு வரட்டும்'ங்குறாங்க. நீங்க என்னடான்னா 'ஓட்டுனவர் தவறு'ன்னு எழுதி வச்சிருக்கீங்க. உங்களுக்கு அது ஒரு வரி. அவங்க சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து அழுவுறாங்க சார். புருசன் அழுவுறதைப் பாத்திருக்கீங்களா?

— நான் என்ன மேடம் பண்ணட்டும்? வர்றவங்க எல்லாரும் பிரேக்கு பிரேக்குன்னுதான் வர்றாங்க. கருக்களாச்சேரிலேர்ந்து மீன் விக்கிற அம்மா ஒண்ணு. பெட்டி மேல பெட்டியா ஏத்திக்கிட்டு வந்து நிக்கலைங்குது. ஒரு வாத்தியாரு வந்தாரு, அவரு நெழலைப் பாத்தாலே பயப்படுற ஆளு. போன வாரம் புது மாப்பிள்ளை ஒருத்தன், பொண்டாட்டியோட பேச்சு சுவாரசியத்துல போயி பஸ்ஸுல முட்டிட்டு வந்து நிக்கிறான்.

— எல்லாரும் இதே வண்டியா?

— இதே மாடல்தான்.

— எல்லாரும் சூடானதுக்கு அப்பறம்தான் நிக்கலைங்குறாங்களா?

— ஆமா, அப்படித்தான் சொல்றாங்க. ஓட்டுற பழக்கம் மேடம், வேறென்ன? புடிங்க. ம், நின்னுச்சு.

— கொஞ்சம் தள்ளிப் போயி நின்னுச்சு சார்.

— மனப்பிராந்தி. ஒரு விசயத்தையே நெனச்சுக்கிட்டு இருந்தா அப்படித்தான் தோணும். கோட்டுச்சேரி கடைத்தெரு வந்துட்டுது. திருப்பிடுவோமா?

— மண்டபத்தூர்னு சொன்னோமே சார்.

— சரி, ஃப்ரீயா விடுங்க, போவோம். கடைத்தெருவுல பாத்து. அந்த இளநி வண்டி. புடிங்க.

— ம்.

— என்ன மேடம், கியரைக் குறைக்கிறீங்க? பிரேக்கைப் புடிங்கன்னா கியரைக் குறைக்கிறீங்களே. இஞ்சின் என்னத்துக்கு ஆவும்?

— சார், ஒரு நிமிசம் கேளுங்க.

— நான் சொல்றதை மொதல்ல நீங்க கேளுங்க. இதுதான் தப்பான பழக்கம். இப்படி ஹாரனை அழுத்திக்கிட்டே போறது, கியரை இழுக்குறது. உங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஓட்டியிருப்பாரு.

— இப்படித்தான் ஓட்டியிருப்பாங்க சார். எனக்கும் இப்ப அதான் தெரியுது.

— ஒத்துக்கிட்டீங்கள்ல? அது போதும். ஏன் ஓரமாவே போறீங்க, செடியெல்லாம் காலுல அடிக்குது.

— சார், இந்தக் கை பிரேக்கைக் கொஞ்சம் பாருங்களேன். எட்டிப் பாருங்க.

— இருங்க, இருங்க. மேனேஜர் கூப்புடுறாரு. சார், சொல்லுங்க சார். ஆமா சார், வண்டியிலதான் போயிட்டு இருக்கேன், அந்தம்மாதான் ஓட்டுறாங்க. இல்ல சார், பிரேக் நல்லா இருக்கு. எத்தனையோ தடவை புடிச்சுப் பாத்தாச்சு. ஆமா. ஓட்டுறவங்க பழக்கம்தான் சார், என் கண்ணாலேயே பாத்துட்டேன். பழைய ரிப்போர்ட்டே இருக்கட்டும் சார். மாத்த வேணாம். வச்சுடுறேன்.

— சொல்லிட்டீங்களா சார்?

— சொல்லிட்டேன் மேடம். வருத்தப்படாதீங்க. நான் உள்ளதைச் சொல்லணும்ல. உங்களுக்காக மனசு கஷ்டமாத்தான் இருக்கு. எனக்கும் குடும்பம் இருக்கு.

— எத்தனை புள்ளைங்க சார்?

— ஒரு பொண்ணு. இனியான்னு பேரு. எதுக்குக் கேக்குறீங்க?

— சும்மாதான். கம்பியை நல்லாப் புடிச்சுக்கங்க. ரெண்டு கையாலயும்.

— போதும் மேடம், ரோடு குறுகிப் போச்சு, கடல் தெரியுது. மண்டபத்தூரும் வந்தாச்சு, நீங்க கேட்டதும் ஆச்சு. இங்கேயே ஓரமா நிறுத்துங்க, திரும்பிடுவோம்.

— ம்.

— நிறுத்துங்கன்னு சொன்னேன்.

— கேட்டுச்சு சார்.

— கேட்டுச்சுன்னா நிறுத்த வேண்டியதுதானே? கோவத்தை வண்டியில காட்டாதீங்க. காலை ஏன் தரையில தேய்க்கிறீங்க? செருப்பு பிஞ்சு போவுது பாருங்க. நீங்களும் விழுந்து என்னையும் தள்ளிடாதீங்க.

— முடிஞ்ச வரைக்கும் தள்ள மாட்டேன் சார். மணல் வரைக்கும் போயிட்டா போதும்.

— மணலா? ஏங்க, எதிர்ல ஐஸ் லாரி திரும்புது. ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குறான். தெரியுதா இல்லையா? ஹாரன் எதுக்கு, பிரேக்கைப் புடிங்க.

— தெரியுது சார்.

— அம்மா, தாயே, பிரேக்கைப் புடி.

— கோட்டுச்சேரியிலேர்ந்து புடிச்சுக்கிட்டுத்தான் சார் வர்றேன்.