அவரு நம்பரே போடுங்க

எங்கள் சிங்காநல்லூர் வங்கியில் செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, ஐயா. புதிதாக எதையும் செவ்வாயில் தொடங்க மாட்டார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாள் பார்ப்பதில்லை. நானும் என் மனைவி செவ்வந்தியும் ஒரு செவ்வாய்க்கிழமைதான் கூட்டுக் கணக்கு தொடங்கினோம்.

அதில் போட்டது அவள் பணம். சின்ன வயதிலிருந்து பஞ்சாலையில் நின்றே வேலை பார்த்தவள். ஆலையை மூடியபோது கிடைத்த செட்டில்மென்ட். எங்களில் யார் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். மெசேஜ் எந்த நம்பருக்கு வர வேண்டும் என்று ஊழியர் கேட்டார். அவளிடமும் போன் இருந்தது. ஆனால் புருஷன் பக்கத்தில் நிற்கும்போது தன் நம்பரைச் சொன்னால், அவனை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறவள்.

"அவரு நம்பரே போடுங்க" என்றாள்.

திருட வேண்டும் என்று நான் எடுக்கவில்லை. என் லேத் பட்டறைக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. மெஷினுக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வரச் சொல்வாள். பிரிண்டர் ரிப்பேர் என்பேன். சரிங்க என்பாள். அவளைப் போல் சட்டென்று நம்புகிறவர்களோடு வாழ்வது எவ்வளவு அலுப்பு என்று உங்களுக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய வால்வு பழுது, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். முன்பணம் கட்டினால் தேதி தருவார்கள்.

"நம்ம அக்கவுண்ட்டுலதான் இருக்குதுங்களே" என்றாள் என்னைப் பார்த்து. இருக்கிறது என்றேன்.

அன்னூரிலிருந்து அவள் தம்பி தமிழ்வேந்தன் வந்தான். உங்களிடம் புகார் கொடுத்திருப்பவன்தான். "ஏனுங்க மாமா, பெரியாஸ்பத்திரிக்குப் போனா காசில்லாமயே செஞ்சு உட்டுருவாங்க. நானே கூட்டிட்டுப் போறனுங்க" என்றான்.

அவன் சொன்னது சரி. போயிருந்தால் செய்திருப்பார்கள். ஆனால் நான் தலையாட்டினால், அப்போது அந்தப் பணம் எங்கே என்ற பேச்சு வரும். அதனால், "காசு பேங்க்ல கெடக்குது மாப்ளே. எம் பொண்டாட்டியக் கொண்டுபோயி வரிசைல நிக்க வைக்க மாட்டேன்" என்றேன்.

செவ்வந்திக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அவரு பாத்துக்குவாரு கண்ணு, நீ போயிட்டு வா" என்று தம்பியை அனுப்பிவைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்ததே இல்லை. அந்தப் பார்வைக்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். அப்புறம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றேன். அப்புறம் ஆதார் என்றேன். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். "உங்களுக்குத்தான் வீண் அலைச்சலுங்க" என்பாள். நிஜமாகவே எனக்கு அலைச்சல்தான். வங்கிக்கு என்று சொல்லிக் கிளம்பி, குளத்தங்கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன்.

கடைசி நாள் அங்கே இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. திரும்பத் திரும்ப அடித்தது. வங்கிக்குள் போனால் போனை எடுக்க முடியாது என்று காலையில்தான் சொல்லியிருந்தேன். எடுத்தால் பொய்யாகிவிடும். எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தாள். போன் மடியில் கிடந்தது. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அவளைச் சாகவிட்டது நான்தான்.

ஆனால் தமிழ்வேந்தன் சொல்கிற மாதிரி பணத்தாசை பிடித்தவன் இல்லை நான். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனேன். "ஜெரோம் சார், கூட்டுக் கணக்குங்கறதால சிரமமில்லைங்க, மிச்சத்த நீங்களே எடுத்துக்கலாம்" என்றார் அந்த ஊழியர். குறைந்தபட்ச இருப்புக்காக விட்டுவைத்த கொஞ்சம் அதில் கிடக்கிறது. ஒரு டீக்குக்கூட அதிலிருந்து எடுக்கவில்லை. அவள் நின்று உழைத்த காசு. அதில் கை வைக்கிற ஆள் நான் இல்லை.