கதவுப் பக்கம்

சிரிக்காமல் கேட்பதென்றால் சொல்கிறேன்.

இரவு ஒரு மணி. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பும் கம்பெனி ரோடு. கொஞ்ச தூரத்திலேயே லாரிச் சத்தம் அறுந்துவிடும். அப்பாஸ் அந்த வழியாகத்தான் ஷிஃப்டுக்குப் போனான். நம் சலாமின் தங்கை ஸோயாவின் கணவன்.

ஸ்கூட்டர் மோட்டாரின் சத்தத்தைப் பதிவு செய்கிற வேலை. சுவர், கூரை, கதவு எல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. உள்ளே உட்கார்ந்தால் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும். நடுவில் நான்கு மைக் பொருத்திய ஓர் உருண்டை. பதிவு முடிந்தபிறகும் கம்ப்யூட்டரில் அதன் காதைத் திருப்பலாம்... திருப்பிய பக்கம் கேட்கும். எதிர்ப்பக்கம் செவிடு.

விடிவதற்குள் சுத்தமான பதிவு வேண்டும். இல்லையென்றால் அவனுக்கு வேலை இல்லை.

ஃபில்டர் போட்டு மோட்டாரின் உறுமலை வெட்டினான். அதற்கடியில் ஒரு பெண்குரல்.

"பாகிலு தெகி."

கதவைத் திற.

"கன்னடமா? அப்ப நம்ம ஓசூரு பேய்தான்டா."

சிரி மூர்த்தி, சிரி.

அப்பாஸ் காதை மெல்லச் சுற்றினான். மோட்டார் பக்கம்... இல்லை. மேஜைப் பக்கம்... இல்லை. கதவுப் பக்கம் திருப்பியதும் பளிச்சென்று கேட்டது. துப்புரவு வேலை பார்க்கும் ரங்கம்மா வெளியே நின்று கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தான். எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.

யாருமில்லை. மோட்டார்க் கம்பிச்சுருள் கருகிய நாற்றம் மட்டும்... அறைக்குள்ளிருந்து அவன் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

மறுபடி பதிவு செய்தான். சுத்தம். வேலை தப்பியது.

காலையில் பிரேம்குமார் ஷிஃப்டுக்கு வந்தான்.

"பாய், சொல்ல மறந்துட்டேன். நேத்து அந்த மைக்க திருப்பி மாட்டிட்டேன். முன்பக்கம் பின்பக்கமாத்தான் காட்டும்."

அப்பாஸ் திரும்பிப் பார்த்தான். கதவுக்கு நேர் எதிரே வெறும் பஞ்சுச் சுவர்.

அப்போதுதான் ஃபோன் அதிர்ந்தது. ஸோயாவின் வாய்ஸ் மெசேஜ்.

"என்னங்க, யாரோ கதவத் தட்டுனாங்க. நீங்கதான்னு தொறந்தேன், யாருமே இல்ல. ஏதோ கருகுன நாத்தம் வருது. சீக்கிரம் வாங்க."

அவள் பேசி முடித்த இடத்தில்... அதே குரல்.

"பாகிலு ஹாக்கு."

கதவைச் சாத்து.

ஃபோன் பதிவில் காதைத் திருப்ப முடியாது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் ஸோயாவின் குரலைவிடக் கிட்டத்தில் இருந்தது.