துத்தம் போடாத பசை

"ஏ வெள்ளை, சாமி ஒனக்கு வாயைச் சோறு திங்க மட்டுந்தான் வச்சிச்சா?" என்று பக்கத்து வீட்டுப் பாலம்மாள் மதினி ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

நான் சிரித்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தேன். எனக்குப் பேச்சு வராது. எட்டாம் வகுப்பில் வாத்தியார் கேட்டதற்கு விடை தெரிந்தும் எழுந்து நின்று அழுதவள் நான். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள், நிம்மதியாக இருந்தது. பேச வேண்டியதை நோட்டில் எழுதிக்கொள்வேன். நோட்டு வாங்கித் தருவது சோலைச்சாமி அண்ணன். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டினோம். பசை காய்ச்சுவது என் பொறுப்பு. மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, இறக்கும்போது கொஞ்சம் மயில்துத்தம் போட வேண்டும். பசை இளநீலமாகிவிடும். அந்த நீலம் விஷம். கரப்பான் கிட்டே வராது. துத்தம் போடாவிட்டால் பசை வெள்ளையாக இருக்கும். அதுவும் நன்றாகத்தான் ஒட்டும். ஆனால் கரப்பானுக்கு அது சோறு. எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அறுபத்து நான்காம் வருஷம் தீபாவளிக்குக் கண்ணுச்சாமி மாமா பெங்களூரிலிருந்து வந்தார். அங்கே விமானம் கட்டும் இடத்தில் அவருக்கு வேலை. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருவர் பிரிக்காமல் விட்டுப்போன அட்டைப்பெட்டி ஒன்றை அண்ணனிடம் கொடுத்தார். உள்ளே பொம்மை விமானம் ஒன்று கட்டுவதற்கான பால்சா மரப் பலகைகள், படத்தாள், சின்ன எந்திரம், அதை ஓட்டும் ரேடியோப் பெட்டி.

"மாப்ளே, இதைக் கட்டிப் பறக்கவிடு. பங்குனிப் பொங்கலுக்கு வருவேன். பறந்துச்சுன்னா ஒன்னையக் கையோட கூட்டிட்டுப் போயி வேலையில சேத்துவிடுதேன்."

அண்ணன் அச்சாபீஸ் வேலை முடிந்ததும் படத்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவான். பால்சா, காய்ந்த முருங்கைக் கட்டையைவிட லேசு. நகம் பட்டாலே பள்ளம் விழும். அதை பிளேடால் அறுத்து, குண்டூசி குத்தி, எலும்பெலும்பாகச் சேர்த்தான். பாலம்மாள் மதினி பட்டாசுக் கம்பெனியிலிருந்து திரும்பும்போது எட்டிப் பார்ப்பாள்.

"ஏலே சோலை, இம்புட்டு மரத்தையும் குச்சியா வெட்டுனா எத்தனை பெட்டி நெறப்பலாம்! நீ என்னடான்னா காக்காய்க்குத் தம்பி செஞ்சுக்கிட்டு இருக்கே."

"பறக்கும்போது பாருங்க மதினி. வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பீக."

"நிப்பேன்லே. களத்துல வெடிமருந்து காயிற மட்டும் சும்மா நிக்கத்தானே செய்யுதேன்."

வால் ஒட்டி முடித்தபோது பெட்டியோடு வந்த சீமைப் பசைக் குழாய் கல்லாக இறுகிவிட்டது. பழைய சரக்கு.

"வெள்ளை, நம்ம பெட்டிப் பசை தாங்குமா?" என்றான். தலையாட்டினேன். "ஒட்டுறதுல ஒன்னைய அடிக்க ஆளு கெடையாது. றெக்கையை நீயே ஒட்டிரு."

மறுநாள் பகலில், அவன் வேலைக்குப் போனபிறகு, பசை காய்ச்சினேன். துத்தம் போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நோட்டில் பொய் எழுதக் கூடாது. அண்ணன் போய்விட்டால் எனக்கென்று வீட்டில் யாரும் கிடையாது. விமானம் பறக்காவிட்டால் போகமாட்டான். இதில் கோபமோ பொறாமையோ கிடையாது.

இறக்கையின் இரண்டு பாதிகளையும் நடுவில் சேர்த்து ஒட்டி, மேலே மெல்லிய தாளால் மூடினேன். அண்ணன் தடவிப் பார்த்து, "கம்பெனிக்காரன் தோத்தான்" என்றான். பிறகு அதைப் பரணில், வெல்லப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். மாசியில் ஒருநாள் எடுத்துக் காதோடு வைத்துக் கேட்டேன். உள்ளே சுரண்டும் சத்தம். வேலை நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

பங்குனியில் மாமா வந்தார். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் விமானத்தைக் கொண்டுபோனோம். கரைக்கு அந்தப்பக்கம் பாலம்மாள் மதினி வேலைபார்க்கும் கம்பெனியின் களம். வெயிலில் மருந்து பரப்பியிருந்தது. கரையேறி நின்ற எனக்கு மதினியின் மஞ்சள் சேலை தெரிந்தது. அவள் கையை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

கீழே இறங்கியதும் அண்ணன் கேட்டான். "வெள்ளை, றெக்கையை ஆட்டிப் பாத்தியா? இறுக்கமா இருக்கா?"

"இருக்குண்ணே" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

விமானம் ஏறியது. ரேடியோப் பெட்டியில் ஒரே ஒரு பொத்தான். ஒரு அழுத்துக்கு வலப்பக்கம், மறு அழுத்துக்கு இடப்பக்கம். இரண்டு சுற்று அழகாக வந்தது. மாமா கைதட்டினார். மூன்றாவது சுற்றில் கரைக்கு மேலே திரும்பும்போது இரண்டு இறக்கைகளும் கும்பிடுவதுபோல மேலே மடங்கிப் பிய்ந்தன. உடல் மட்டும், எந்திரம் நிற்காமல், கரைக்கு அந்தப்பக்கம் இறங்கியது. பிறகு கேட்ட சத்தம் ஊருக்கே தெரியும்.

பாலம்மாள் மதினியைப் பாயில் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். ரொம்பச் சின்னதாக இருந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் கரப்பானுக்குப் பசித்தால் தின்னும், மருந்தில் சூடு பட்டால் பிடிக்கும். அன்றைக்குக் களத்தில் அவள் முறை. அவளை அங்கே நான் நிறுத்தவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி அண்ணனைக் கேட்டார், மாமாவைக் கேட்டார். என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்றார். "கூச்சம்" என்றார்கள். எந்திரக் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாமா தனியாகவே பெங்களூர் போனார். அண்ணன் வீட்டில் இருந்தான். சாப்பிடவில்லை, அச்சாபீஸுக்கும் போகவில்லை. தன்னால்தான் மதினி செத்தாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. இருந்தாலும் அவன் பக்கத்திலேயே இருந்தான். அந்த நாட்கள் நன்றாக இருந்தன.

பதினாறாம் நாள் கண்மாய்க்குப் போய், இறக்கையின் ஒரு பாதியை எடுத்துவந்தான். நான் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்து, ஒட்டிய ஓரத்தில் தாளை உரித்தான். வெள்ளைப் பொருக்கும், கரப்பான் புழுக்கையும் உதிர்ந்தன. கையில் ஏந்திப் பார்த்தான். என் பக்கத்திலிருந்த பசைச் சட்டியைப் பார்த்தான். நீலமாக இருந்தது. என் விரல்களைப் பார்த்தான். அவையும் நீலம்.

பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனேன். அவன் திரும்பவில்லை. பஸ் கிளம்பியது.

எனக்குத்தான் பேச்சு வராது. அவனுக்கு வருமே. அவனுக்காக இவ்வளவு செய்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.