ஊர்வலத்தில் நான்காவது வண்டி

எனக்குக் கல்யாணங்கள் என்றால் பிடிக்கும். எங்கள் லிமுரு தேவாலயத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் முந்தின நாள் மத்தியானமே போய், சப்பாத்தி உருட்டும் பெண்களோடு உட்கார்ந்துகொள்வேன். இருபது வருடமாக அப்படித்தான். அதனால், "ஞாம்புராவின் கல்யாணத்துக்கு ஏன் போனீர்கள்?" என்று நீங்கள் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது, ஐயா. கூப்பிட்டார்கள், போனேன்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். நான் பள்ளி ஆசிரியை. சொல்வதை எழுதச் செய்து பழக்கம்.

என் கணவர் முரீத்திக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நைவாஷா ஆஸ்பத்திரியில்தான் இடம் கிடைத்தது. மாய் மாஹியு மலைச்சாலை இறக்கத்தில் இறங்கிப் போக வேண்டும். மட்டாட்டு மினிபஸ்ஸில் நாலு பேர் நெருக்கும் இடத்தில் ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல்தான் வேன் வாங்கப் போனோம். எங்கள் சபையின் மூப்பர் கினூதியா பழைய வண்டிகள் விற்கிறார். மணமகள் ஞாம்புராவின் தகப்பனார் அவர்தான்.

"சிஸ்டர், ஜப்பான்ல ஒரு கிழவி காய்கறி வாங்க மட்டும் ஓட்டின வண்டி இது. பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டா, அவ்வளவு புதுசு" என்று வேனின் நெற்றியில் தட்டினார்.

"தொடவே இல்லன்னா கடை வாசல்ல எப்படிங்க நிறுத்தினா?" என்றார் முரீத்தி. மூவரும் சிரித்தோம். அவருக்கு உடம்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த வாய் மட்டும் ஓயாது. அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

விற்பனைத் தாளில் 'இருக்கும் நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் போடுகிறார்கள்.

மூன்றாவது வாரம், இறக்கத்தின் நடுவில், பிரேக் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பஞ்சை மிதிப்பது போல இருந்தது. வேனை மண்மேட்டில் கொண்டுபோய் உரசி நிறுத்தினேன். முரீத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கத்தோனி, மூச்சு விடு" என்றார். நோயாளி அவர், மூச்சு விடச் சொன்னது எனக்கு. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காதது போல பிரேக் நன்றாகப் பிடித்தது.

இதுதான் அந்த வண்டியின் குணம். நீண்ட இறக்கத்தில், ஆட்கள் நிறைய ஏறியிருந்து, பிரேக் சூடேறினால் மட்டும் போய்விடும். ஆறினால் திரும்பி வரும். சமதரையில் காட்டவே காட்டாது.

கினூதியா தன் சமதரை முற்றத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். "பாருங்க, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"இறக்கத்துல பாருங்க, ஆள் ஏத்திக்கிட்டு."

"இறக்கத்துல மனுஷனுக்கே கால் நடுங்கும், சிஸ்டர். வண்டியைக் குத்தம் சொல்லலாமா? நீங்க ஓட்டப் பழகணும்."

நுகர்வோர் புகார் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே செரோப் என்று ஒரு பெண், என் பழைய மாணவிகளின் வயது இருக்கும், பொறுமையாகக் கேட்டாள். "அந்த ஒரு வரியைக் காட்டி அவர் தப்பிக்க முடியாது டீச்சர். ஆனா வித்த அன்னைக்கே பழுது இருந்துச்சுன்னு நாம காட்டணும். இல்ல, அவரே ஒத்துக்கணும். அதுவரைக்கும் வண்டியில கை வைக்காதீங்க. ரிப்பேர் பண்ணிட்டீங்கன்னா சாட்சி போயிடும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் படுகிறது.

அவர்கள் அனுப்பிய நிபுணர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பள்ளி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் 'குறை காணப்படவில்லை' என்று எழுதினார். இறக்கத்துக்கு வாருங்கள் என்றேன். அது ஆபத்து, விதிமுறையில் இடமில்லை என்றார்.

எங்கள் தெரு மெக்கானிக் கிலோன்சோ மட்டும் மூடியைத் திறந்தவுடன் சொல்லிவிட்டான். "டீச்சர், பிரேக் ஆயில் எப்படி இருக்குன்னு பாருங்க, கட்டன் டீ மாதிரி. சிலிண்டரும் போச்சு. ஒரே காலையில முடிச்சுத் தர்றேன்." அவனுடைய சொல்லை அலுவலகத்தில் ஏற்கவில்லை. அவனிடம் சான்றிதழ் இல்லை.

அன்று முரீத்தி வாசல்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். "பண்ணச் சொல்லேம்மா. நமக்கு வண்டி ஓடினாப் போதாதா?"

"இது நம்ம உரிமைங்க."

"உரிமையில ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதே, கத்தோனி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் சால்வை நழுவியிருந்தது, இழுத்துப் போர்த்திவிட்டார்.

நான் வேனைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். அவர் மறுபடி மட்டாட்டுவில் போனார். ஏப்ரல் மழையில் சாலை அறுந்துபோனபோது இரண்டு தடவை போக முடியவில்லை. மூன்றாவது தடவைக்கு அவர் இல்லை. வீங்கிய காலை என் மடியில் வைத்திருந்தார். "சூடா இருக்கு உன் மடி" என்றார். அவ்வளவுதான்.

அடக்கத்துக்குக் கினூதியா வந்தார். அழகாக ஜெபித்தார். என் கையைப் பிடித்து, "தேவ சித்தம், சிஸ்டர்" என்றார். நான் அந்தக் கையை விடவில்லை.

"வண்டியில பழுது இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இன்னைக்கா, சிஸ்டர்?" என்றார். அவர் சொன்னதும் சரிதான், இடம் அதுவல்ல. நான் காத்திருக்கத் தீர்மானித்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் கமிட்டி கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரே உட்கார்ந்து, யார் என்ன தருகிறார்கள் என்று கைதூக்கி ஏற்றுக்கொள்ளும். சபை நடுவில் ஏற்றதை யாரும் திருப்பி வாங்குவதில்லை, வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. ஞாம்புராவின் கமிட்டிக்கு வாவேரு தலைவர். கேக்கையும் பந்தலையும் முடித்துவிட்டு, "இனி வண்டி! வெள்ளை வண்டி வேணும்! சும்மா ஜூஸ் குடிச்சிட்டுப் போயிடலாம்னு பார்க்காதீங்க!" என்று கத்தினார். கல்யாணம் எங்கள் தேவாலயத்தில், விருந்து நைவாஷா ஏரிக்கரையில். ஊர்வலம் மாய் மாஹியு வழி. அதைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல.

நான் கைதூக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கினூதியா, டீச்சர் உன் வண்டியை உனக்கே திருப்பித் தர்றாங்கப்பா!" என்றார் வாவேரு. ஒரே சிரிப்பு. "வண்டி நல்லா இருக்குல்ல, டீச்சர்?"

"வித்தவரைக் கேளுங்க" என்றேன்.

நாற்பது பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் அவரிடம் வண்டி வாங்கியவர்கள், மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். மாப்பிள்ளை வீட்டாரும் இருந்தார்கள். வகுப்பில் தப்புச் செய்த பையனுக்குக் கொடுப்பது போல அவருக்கு நேரம் கொடுத்தேன். "நான் வித்த வண்டியில எங்கம்மாவையே ஏத்தி அனுப்புவேன்" என்றார்.

அவருடைய அம்மா வயதானவர், வரவில்லை. யாரை ஏற்றுவது என்று வாவேரு என்னிடம்தான் கேட்டார். மணமகளுக்கு முன்னால் பூப் பிடித்து நடக்கும் பிள்ளைகளைப் போடலாம் என்றேன். பெரிய வண்டி, பிள்ளைகளின் உடுப்புக் கசங்காது. துணைக்குப் பாடகர் குழுப் பெண்கள் இரண்டு பேர், மேளங்கள். கனமாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் என் அலமாரியில் பார்ப்பீர்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் செரோப்பின் கடிதம் வந்தது. கினூதியா வேனைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு நல்ல வண்டி தரச் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை, பழுது இருந்ததாக எங்கும் பதிவு செய்யக்கூடாது. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போடவில்லை. எனக்கு வேறு வண்டி எதற்கு? யாரை ஏற்றிப் போக?

அன்று காலை தேவாலய வாசலில் அவர் என்னிடம் வந்தார். கோட்டில் ரோஜா குத்தியிருந்தார், முகம் வியர்த்திருந்தது.

"சிஸ்டர், கடிதம் வந்திருக்குமே? இந்த வண்டி இன்னைக்கு வேண்டாம். இங்கேயே நிக்கட்டும்."

"ஏன்?"

"சும்மாதான். வண்டி நிறைய இருக்கு."

"பழுதுன்னு வாவேருகிட்ட சத்தமாச் சொல்லுங்க. இப்பவே சாவியை வாங்கிக்கிறேன்."

அவர் சம்பந்தி வீட்டாரைப் பார்த்தார். போதகரைப் பார்த்தார். முன் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன. ஓட்டப்போகிற தன் தங்கை மகன் கிதிஞ்சியிடம் போய், "மெதுவாப் போடா" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளின் வண்டியில் ஏறிக்கொண்டார். அந்தப் பையனுக்கு அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் சொல்லியிருக்கலாம்.

நான் கடைசி வண்டியில் வந்தேன். வேன் நான்காவது. இறக்கத்தின் பாதியில் கிதிஞ்சி விடாமல் ஹாரன் அடித்தான். கல்யாண ஊர்வலத்தில் ஒருவர் அடித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லா வண்டிகளும் பதிலுக்கு அடித்தன. பெண்கள் சன்னல் வழியாகக் குலவை போட்டார்கள். வேன் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வண்டிகளையும் முந்தியது. மணமகள் கையசைத்தாளாம். அடுத்த வளைவில் சாலை திரும்பியது, வேன் திரும்பவில்லை.

பட்டியலை நீங்கள் வாசித்தீர்கள். ஒன்பது பெயர்கள். ஐந்து என் வகுப்பு.

வேனில் பழுது இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன், எந்த இடத்தில் காட்டும் என்பதும் தெரியும். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கினூதியா அந்த வளைவில் மண்டியிட்டு, "பழுதுன்னு எனக்குத் தெரியும், வித்தப்பவே தெரியும்" என்று கத்தியதையும் எழுத வேண்டும். ஊர்வலம் முழுக்கக் கேட்டது. செரோப்புக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், ஐயா. அவளுடைய கோப்பில் அது ஒன்றுதான் குறைந்தது.

அந்தப் பிள்ளைகள் மேல் கொஞ்சமும் அக்கறை இல்லையா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். அவர் இளையவர், கோபத்தில் கேட்டார், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது உண்மையில்லை. வேன் கிளம்பும்போது, பூப் பிடித்திருந்த சிறுமி முகுரேயின் பாவாடை நுனி கதவிடுக்கில் மாட்டியிருந்தது. அவ்வளவு பேரில் யாரும் கவனிக்கவில்லை, நான்தான் தட்டி நிறுத்தினேன். கதவைத் திறந்து, பாவாடையை உள்ளே எடுத்துவிட்டு, "தள்ளி உக்காரும்மா, விழுந்துடப்போற" என்றேன். சரி டீச்சர் என்றாள். பாதி சாத்திய கதவு இறக்கத்தில் திறந்துகொண்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து. அதனால் இரண்டு கையாலும் அழுத்தி, பூட்டு விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டேன்.