மணிக்குப் பிறகு மடை

மணி கணகணவென்று அடித்ததைக் கேட்டுத்தான் ஓடி வந்தோம் என்று தோட்டத்தில் இருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள், இன்ஸ்பெக்டர் சார். உண்மைதான். அடித்தவன் நான்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த மணியைப் பற்றி விளக்குவதும் என் வேலைதான். தாமிரபரணிக் கால்வாயிலிருந்து எங்கள் பங்களாத் தோட்டத்துக்குத் தண்ணீர் வர, தரைக்கடியில் ஆள் தவழ்ந்து போகுமளவு ஒரு கல்வாய்க்கால் உண்டு. உள்ளே யாராவது வண்டல் அள்ளிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்து, அவர்கள் வெளியே வந்த பிறகுதான் மடையைத் திறப்போம். என் பாட்டனார் வைத்த முறை அது.

'எங்கள்' என்று வாயில் வந்துவிடுகிறது. பங்களாவை விற்று வெகுகாலமாகிறது. வாங்கியவர்கள் அதைப் பழையபடி புதுப்பித்து, என்னையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். களக்காட்டிலிருந்து வந்த ஒருவர் என் காதுபடவே, "பாத்தீரா வே, பழைய மொதலாளியே வாசல்ல நின்னு டிக்கெட்டு கிழிக்காரு" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

புதுப்பிக்கும் வேலை இசக்கிமுருகன் பொறுப்பு. விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளியின் மகன், படித்துப் பொறியாளரானவர். நல்ல பிள்ளை. அவர் தாத்தா எங்கள் வாய்க்காலில் வண்டல் அள்ளியவர். எங்களை ஏறிட்டுப் பார்த்துப் பேசியதில்லை. பேரன் என்னை அண்ணாச்சி என்பார். காட்சிக்கு வைத்திருக்கும் என் அப்பாவின் கட்டிலில் உட்காரக் கூடாது என்று என்னிடமே சொல்வார். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான்.

எனக்கு வருத்தம் மகிழமரம் ஒன்றில்தான். என் மனைவி பார்வதி நட்டது. அவள் போன பிறகு அதனடியில்தான் உட்காருவேன். தோட்டத்தின் பழைய படத்தில் அங்கே மரம் இல்லை, பாதைதான் இருக்கிறது, வெட்ட வேண்டும் என்றார் இசக்கிமுருகன். என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான், சார்.

நேற்றுக் காலை வாய்க்காலில் அடைப்பு. ஆட்களை இறக்காமல் அவரே இறங்கினார். "எங்க தாத்தா பாத்த வேலதான" என்று சிரித்தார். நான் மடையருகே நின்றிருந்தேன். மடைப் பலகையைத் தூக்கினேன். தண்ணீர் இரைந்துகொண்டு உள்ளே போனது. பிறகு மணி அடித்தேன். அடிக்காமல் விட மனம் வரவில்லை.

அவர் மனைவி முத்துராணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், நடிப்பில்லை. சாயங்காலம் மகிழமரத்தடிக்குப் போனேன். உட்கார முடியவில்லை.

மரத்துக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். இறங்கும்போது அவர் தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அண்ணாச்சி, மதினி வச்ச மரத்த வெட்டப்போறதில்ல, பாதையத்தான் வளைச்சு விடுதேன், நீங்க மணி அடிக்க மட்டும் மறந்துராதிய."