கருங்கோட்டைத் தொடரின் கடைசி வசனம் மாறியது குறித்து

இத்துடன் கொடுத்துள்ள அடையாள அட்டையில் கண்ட பெயரும் முகவரியும் உடைய நான், வயது நாற்பத்தொன்று, டப்பிங்கில் குரல் கொடுத்துப் பிழைக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே இந்த நிலையத்துக்கு வந்தேன். எங்கள் ஸ்டுடியோவின் சவுண்ட் இன்ஜினியரைக் காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவருக்கும் எங்கள் முதலாளி கொடுத்த புகாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சொல்லவே வந்தேன்.

கருங்கோட்டை என்பது ஒன்பது வருடமாக ஓடிய அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர். அதில் வாள்காரி என்று ஒருத்தி. அவளுடைய அண்ணனை அசுர ராஜா ஒரு கதவுக்குப் பின்னால் போட்டுப் பூட்டிவிடுகிறான், அவள் அந்தக் கதவைத் தேடி அலைகிறாள், கதை அவ்வளவுதான். தமிழில் முதல் பகுதியிலிருந்து அவளுக்கு நான்தான் குரல். அவளுக்காகக் கத்தித் தொண்டை புண்ணாகி, கொஞ்ச நாள் பேசவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் கண்ணாடி அறைக்குள் நின்று அண்ணா அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

கடைசிப் பகுதி வந்து சேர்ந்த அன்று முதலாளி, வசனம் எழுதுகிறவர், இன்ஜினியர், நான் ஆகிய நால்வரும் உட்கார்ந்து பார்த்தோம். அசுர ராஜா மன்னிப்புக் கேட்கிறான், வாள்காரி சரி என்கிறாள். அதன் பிறகு எல்லோரும் நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முந்தின பகுதியில் எரிந்து சாம்பலான மந்திரவாதியும் வெட்கமில்லாமல் சாப்பிடுகிறான், அவன் எப்படி எழுந்து வந்தான் என்று கேட்க நாதியில்லை. ஊரையே எரித்த டிராகன் பூனைக்குட்டி அளவுக்குச் சுருங்கி யாரோ மடியில் தூங்குகிறது. அதன் பிறகு வாள்காரி மலை மேல் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள், காற்றடிக்கிறது, "நடந்தது நடந்துபோச்சு, இனி புது வாழ்க்கை" என்கிறாள். படம் முடிந்தது. அண்ணனைப் பற்றிப் பேச்சே இல்லை. கதவு என்று ஒன்று இருந்ததே எழுதினவனுக்கு மறந்துவிட்டது. இந்த லட்சணத்தில் எழுதினவனை வெளியே விட்டுவிட்டு எங்களை விசாரிக்கிறார்கள் என்றேன். இதையும் எழுத வேண்டுமா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் ஏட்டு கேட்டார், எழுதச் சொன்னேன்.

அவர் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தி, "அப்ப அந்த அண்ணன் கதி?" என்றார். "அதத்தான் சார் நானும் கேக்கிறேன்" என்றேன்.

அன்று முதலாளியிடமும் இதையே கேட்டேன். "ஏம்மா, வந்த படத்தைத் தமிழ்ல பேசிக் குடுக்கிறதுதான் நம்ம வேலை. அண்ணனைத் தேடிக் குடுக்கிறது இல்ல" என்றார். வசனம் எழுதுகிறவர் போனை நோண்டிக்கொண்டே, "விடுங்கக்கா, சின்னப் பசங்க பாக்கிறதுதானே" என்றார். இந்த மனிதருக்குத் தன் வசனமே மறுநாள் ஞாபகம் இருக்காது. சின்னப் பிள்ளைகள் தன்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்.

எங்கள் தொழிலில் வாய் தெரிகிற காட்சிக்குத்தான் பாடு. உதட்டசைவுக்கு வசனம் பொருந்துகிறதா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். முதுகு காட்டி நிற்கிறவர்களிடம் பொருத்திப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆகவே அந்த வசனங்களையெல்லாம் கடைசியில் ஒரே மூச்சில் பேசிவிட வேண்டும், திரும்பப் போட்டுக் கேட்கக் கூடாது, நேரம் வீண் என்பது முதலாளியே போட்ட சட்டம். அந்த நேரத்தில் இன்ஜினியர் காதில் வேறு காட்சியின் இசையை வைத்துச் சரி பார்த்துக்கொண்டிருப்பார், என் குரலுக்குத் திரையில் கோடு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டும் கண்ணால் பார்ப்பார். அன்றும் அப்படித்தான் பார்த்தார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மலைக் காட்சிக்கு எழுதிக் கொடுத்த வசனத்தை நான் பேசவில்லை. "அண்ணா, கதவ உடைச்சுட்டேன். வெளிய வா. மெதுவா வா, படி இருக்கு" என்று பேசினேன். கோபத்தில் வாய் தவறி வந்ததல்ல, யோசித்து நிதானமாகப் பேசினேன்.

அது அப்படியே ஒளிபரப்பானது. அதன் பிறகு, தமிழில் மட்டும் அண்ணன் எப்படி வந்தான் என்று மற்ற மொழிகளில் பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்ததால், படம் எடுத்த கம்பெனி எங்கள் முதலாளியைப் பிடித்துக்கொண்டது. அவர் தன் சட்டத்தை மறைத்துவிட்டு, போட்டி ஸ்டுடியோவுக்கு விலைபோய் இன்ஜினியர் வசனத்தை மாற்றிவிட்டார் என்று புகார் கொடுத்தார். அவர் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

இன்ஜினியரின் மனைவிக்கு இது நிறைமாதம். போலீஸார் வாங்கி வைத்திருக்கும் அவருடைய போன் இந்த மேசை மேல்தான் கிடக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அது விட்டு விட்டு அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நான் உள்ளே வரும்போது பெஞ்சிலிருந்த அவர், "ஏங்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லியிருந்தா நீயும் மாட்டியிருப்பேன்னு நினைச்சேன்டா" என்றேன். சொல்லாமலே அவரை மாட்டிவிட்டேன். இந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் அது ஒன்றுதான்.

சற்று முன் முதலாளி இங்கே வந்து, எழுதிக் கொடுத்த வசனத்தை ஓர் எழுத்து மாறாமல் திரும்பப் பேசிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்பப் போவதாகவும் கூறினார். சம்மதித்தேன். மிரட்டினாரா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். இல்லை, இன்ஜினியரை இப்போதே வீட்டுக்கு அனுப்பினால் நாளைக் காலையிலேயே போய்ப் பேசிவிடுகிறேன் என்றேன். "நடந்தது நடந்துபோச்சு, இனி புது வாழ்க்கை." ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன். அதை எந்தத் தொனியில் பேச வேண்டும் என்று முதலாளி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் என் குரலைக் கேட்டவர்களுக்கு அது விளங்கும்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ள வசனம் முழுக்க நான் பேசியது, யாரும் எழுதிக் கொடுத்துப் பேசியதல்ல, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)